அறிவு விளக்கேற்றிய அம்மையார்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பெண் குழந்தை ஒன்று பருவமடையும் நாள் நம் தமிழ் வீடுகளில் ஒரு திருநாள். உறவினர் கூடுவர்; மாமன் சீர் கொண்டு வருவார்; பச்சை ஓலையில் குடிசை கட்டுவர்; உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து உடலைத் தேற்றுவர். இவை யாவும் அன்பின் அடையாளங்களே. ஆயினும் அந்தப் பந்தலின் நடுவே பட்டாடை உடுத்தித் தலை குனிந்து அமர்ந்திருக்கும் சிறுமிக்கு, அவள் உடலில் நிகழ்ந்தது யாது, அது ஏன் நிகழ்ந்தது, இனி அவள் தன்னை எவ்வாறு பேணிக் கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? ஊரெல்லாம் அறிந்துவிட்ட செய்தியின் பொருளை, அவள் ஒருத்தி மட்டும் அறியாமலே இருந்து விடுகிறாள்.

ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்கு முன்பு புதுக்கோட்டையில் ஒரு சிறுமிக்கும் அந்த நாள் வந்தது. அன்றைய வழக்கப்படி அவளுடைய பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. ஆனால் அச்சிறுமியின் அறிவுத் தாகம் நிற்கவில்லை. பின்னாளில் அவர் மருத்துவரானார், சட்டசபையில் அமர்ந்தார், இளம் பெண்களின் உடலையும் உள்ளத்தையும் காக்கச் சட்டங்கள் வரப் பாடுபட்டார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர்தம் வாழ்க்கையை நாம் இங்கே சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

புதுக்கோட்டை அந்நாளில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அங்கே 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், இசையையும் நடனத்தையும் வழிவழியாகப் பயின்று வந்த தேவதாசி மரபில் தோன்றியவர். இவ்விருவரின் இல்வாழ்க்கையை அக்காலச் சமூகம் மனமுவந்து ஏற்கவில்லை. தந்தையாரின் உறவினர் அவரை ஒதுக்கி வைத்தனர். இதனால் இளமையிலேயே முத்துலட்சுமி இரண்டு உண்மைகளைக் கண்டுகொண்டார். ஒன்று, கல்வியின் உயர்வு. அதைத் தந்தையிடம் கண்டார். மற்றொன்று, பெண்ணாய்ப் பிறந்த காரணத்தால் ஒருத்தியின் வாழ்க்கையைப் பிறர் முடிவு செய்துவிடும் கொடுமை. அதைத் தாய்வழி உறவின் மூலம் அறிந்தார்.

படிப்பில் அவர் சிறந்து விளங்கினார். பருவமடைந்ததும் பள்ளி செல்வது நின்றபோது, தந்தையார் மகளைக் கைவிடவில்லை. வீட்டிலேயே பாடம் கற்க ஏற்பாடு செய்தார். தாயாருக்கோ மகளை விரைவில் மணம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்னும் கவலை. அக்காலத்துத் தாய் வேறு எதை நினைக்க முடியும்? ஆனால் மகள் திருமணத்திற்கு இசையவில்லை. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்து என்ன செய்வது? ஊரில் இருந்ததோ ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரி ஒன்றே. இளம் பெண் ஒருத்தி அங்கே வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று சிலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார், உதவித்தொகையும் அளித்தார். அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண் என்னும் பெருமை இவ்வாறு அவருக்குக் கிட்டியது. ஒரு தந்தையின் துணையும் ஒரு மன்னரின் துணிவும் இல்லாதிருந்தால், அன்று பருவமடைந்து வீட்டுக்குள் மறைந்த ஆயிரமாயிரம் சிறுமியருள் ஒருத்தியாக அவரும் மறைந்து போயிருப்பார்.

மருத்துவக் கல்வி

1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவு திறந்த கல்லூரி. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசி, பிரசவ வேதனையில் உயிர்விடும் இந்தியப் பெண்களின் நிலை கண்டு மனம் வருந்திய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி அங்கே மருத்துவம் கற்றார். சென்னையில் பெண்களுக்கென்றே மருத்துவமனை எழக் காரணமாகவும் இருந்தார். அவர் நடந்த வழியில் இப்போது ஒரு தமிழ்ப் பெண் நடக்கலானார்.

1912-இல் முத்துலட்சுமி பட்டம் பெற்றார். நம் நாட்டின் முதற்பெண் மருத்துவர்கள் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது. எழும்பூரிலுள்ள அரசினர் மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகவும் பணியேற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைத் தமக்குச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பவை அவர் திருமணத்திற்கு முன் வைத்த நிபந்தனைகள். கணவரும் அவ்வாறே இறுதிவரை துணை நின்றார்.

இங்கே நம் கன்னியர் வரலாற்றிலிருந்தும் ஒரு செய்தியை நினைவுகூரலாம். முத்துலட்சுமி அம்மையார் பிறந்ததற்கு மறு ஆண்டு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் டாக்டர் மேரி குளோரி. மருத்துவராகப் பணியாற்றி வந்த அவர், இந்தியத் தாய்மாரும் குழந்தைகளும் படும் துன்பத்தைப் பற்றி அறிந்து, 1920-இல் ஆந்திரப் பகுதியிலுள்ள குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் கன்னியரானார். துறவறத்தார் மருத்துவத் தொழில் செய்வதற்கு அப்போது திருச்சபையில் தடையிருந்ததால், அவர் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. கன்னியர் மகப்பேறு மருத்துவமும் செய்யலாம் என்று 1936-இல் உரோமை வழி திறந்தது. பெண்ணின் உடல் நோவைப் பெண்ணிடமே கூச்சமின்றிச் சொல்ல முடியும் என்பதைச் சென்னையும் குண்டூரும் உரோமையும் அந்தத் தலைமுறையில்தான் ஒன்றன்பின் ஒன்றாக உணர்ந்தன.

இளந்தாய்மார் துயரம்

அம்மையார் மருத்துவப் பணி தொடங்கிய காலத்தில், பத்து, பதினோரு வயதில் மணமாவதும், பதின்மூன்று பதினான்கு வயதில் கருவுறுவதும் பல குடும்பங்களில் இயல்பாக நடந்தன. அதன் முடிவை வீட்டார் விதி என்றனர். மருத்துவர்களோ அதன் காரணத்தை அறிந்திருந்தனர்.

காரணம் இதுதான். மாதவிடாய் தொடங்கி விட்டது என்பதனால் மட்டும் ஒரு சிறுமியின் உடல் தாய்மைக்கு ஆயத்தமாகி விடுவதில்லை. இடுப்பெலும்பு அதன் பின்னும் சில ஆண்டுகள் வளர்ந்தே முழு அளவை அடைகிறது. அதற்கு முன்பே கருவுற்றால், குழந்தை வெளிவரும் வழி போதாமல் பிரசவம் நாட்கணக்கில் நீளக்கூடும். தாயோ சேயோ இருவருமோ உயிர் துறக்க நேரும். உயிர் பிழைத்த தாய்மாரிலும் சிலருக்கு உள்ளுறுப்புகள் சிதைந்து, சிறுநீரை அடக்க முடியாத நிலை வாழ்நாள் முழுதும் தொடரும். அத்தகைய பெண்ணைக் கணவன் வீடும் ஒதுக்கும், பிறந்த வீடும் ஒதுக்கும். இளந்தாய்க்கு இரத்தசோகையும், இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரும் ஆபத்தும் கூடுதல். பிறக்கும் குழந்தையும் எடை குறைந்து பிறக்கும். இவற்றுள் ஒன்றையேனும் அச்சிறுமி அறிந்தாளா? அவளுடைய தாய் அறிந்தாளா? அறியாமையே அங்கே முதல் நோய்.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் பயில அம்மையார் இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலக மாதர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும் அவருடைய வாழ்வு புதியதொரு துறைக்குத் திரும்பியது.

சட்டசபையில்

பெண்கள் சட்டசபை உறுப்பினராகலாம் என்னும் உரிமை சென்னை மாகாணத்தில் அப்போதுதான் வந்திருந்தது. 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரை முன்மொழிந்தது. மருத்துவப் பணியை விட்டுவிட்டுப் போவதா என்று முதலில் தயங்கிய அவர் பின்னர் இசைந்தார். இவ்வாறு ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினரானார். 1927-இல் சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானங்களை எண்ணிப் பார்த்தால், ஒரு மருத்துவரின் கண் அங்கும் மூடவில்லை என்பது புலனாகும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவ மாணவியர்க்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்றார். இன்று நம் பள்ளியில் மருத்துவக் குழுவினர் வந்து எடை பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள், இரத்தம் குறைவா என்று பார்க்கிறார்கள். மாணவரின் உடல்நலமும் பள்ளியின் பொறுப்பே என்னும் எண்ணத்திற்காக அன்று சபையில் வாதாடியவர் அவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர் மாணவியரை மட்டும் நினைக்கவில்லை, மாணவரையும் சேர்த்தே நினைத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அடுத்து வந்தது திருமண வயதுப் போராட்டம். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியாயினும் 12 வயதுக்குட்பட்ட சிறுமியைத் தீண்டுவது குற்றம் என்றது. அதற்கு முன் அந்த வரம்பு 10 வயதாகவே இருந்தது. 1925-இல் அது 13 ஆயிற்று. இந்த எண்களைப் படிக்கும்போதே நம் நெஞ்சம் நடுங்குகிறதன்றோ! ஆறாம் ஏழாம் வகுப்பில் நம்மோடு ஓடியாடும் தங்கைமாரின் வயது இது. 1928-இல் அம்மையார் சென்னைச் சட்டசபையில் பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதே காலத்தில் டில்லியில் ஹர் பிலாஸ் சாரதா என்பவர் குழந்தைத் திருமணத் தடை மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். நாடெங்கும் சென்று மருத்துவர்களிடமும் பெண்களிடமும் சாட்சியம் கேட்ட ஜோஷி குழுவின் அறிக்கை, இளமையில் தாயாவதன் கேடுகளை வெளிப்படுத்தியது. 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வகுக்கப்பட்டது.

ஆனால் அதன்பின் நடந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன் கிடைத்த ஆறு மாதங்களில் நாட்டின் பல பகுதிகளிலும் அவசர அவசரமாகக் குழந்தைத் திருமணங்கள் நடந்தன. கைக்குழந்தைகளுக்குக்கூடத் தாலி கட்டினர். இவ்வாறு செய்தவர்கள் தம் பெண்களை வெறுத்தவர்கள் அல்லர். சட்டம் என்ன சொல்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. ஏன் சொல்கிறது என்பது தெரியவில்லை. வயதைச் சட்டம் உயர்த்தலாம். அறிவுதான் அந்த வயதைக் காக்கும். இந்தப் பாடத்தை அம்மையாரின் பிற்கால வாழ்வு நமக்கு நன்கு உணர்த்துகிறது.

அவ்வை இல்லம்

கோயிலுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பது அம்மையாரின் வாழ்நாள் பணிகளுள் தலையாயது. அறியாப் பருவத்தில், தன் வாழ்க்கை எத்திசையில் செல்லப்போகிறது என்று தெரியாமலே, ஒரு குழந்தையின் கழுத்தில் பொட்டு ஏறிவிடும். பின்னர் அவளுக்கு மணமில்லை, மதிப்புமில்லை. பக்தியின் பெயரால் சிறுமியரைப் பலியிடலாகாது என்பதே அம்மையாரின் வழக்கு. இதில் அவருக்கு எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. பண்பாடு அழியும், கலை அழியும் என்றனர். 1929-இல் முதற்கட்டச் சட்டம் ஒன்று வந்தது. கோயில் ஊழியத்திற்காகத் தாசிகள் பெற்றிருந்த நிலங்களை, அந்த ஊழியக் கடமையின்றியே அவர்கள் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. முழுத் தடை 1947-இல்தான் வந்தது. இருபது ஆண்டுக் காத்திருப்பு!

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அந்நாட்களில் ஓரிரவு, பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த இளம் பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். படிக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. பிறப்பைக் கேட்டன, குலத்தைக் கேட்டன. அம்மையார் ஒன்றும் கேளாமல் தம் வீட்டிலேயே இடம் தந்தார். அந்தச் சில பெண்களைக் கொண்டு தொடங்கியதே அவ்வை இல்லம். பின்னர் அது அடையாற்றில் வேரூன்றி, ஆதரவற்ற சிறுமியர்க்கு வீடாகவும் பள்ளியாகவும் வளர்ந்தது.

சட்டம் இயற்றியவரே ஏன் இல்லமும் நடத்த வேண்டும் என்று நாம் கேட்கலாம். சட்டம் ஒரு சிறுமியைத் தீமையிலிருந்து வெளியே இழுத்துவிடும். வெளியே வந்தவளுக்கு உண்ண உணவும், உறங்க இடமும், படிக்க நூலும், தன் கேள்விகளைக் கேட்க ஒரு தாயும் வேண்டுமே! அவற்றைச் சட்டப் புத்தகம் தராது. வீடும் பள்ளியுமே தரும்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் இறுதிப் பெரும்பணியும் ஒரு துயரத்தில் பிறந்தது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தொடக்கத்திலேயே கண்டறியப்படவில்லை. மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியவில்லையே என்னும் ஏக்கம் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. முப்பது ஆண்டுகள் அதை அவர் மறக்கவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அதைப் பேணி வளர்த்தனர்.

நம் நாட்டுப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் ஒன்று கருப்பை வாயில் தோன்றுவது. தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம். ஆனால் பல தாய்மார்கள், சொல்ல வெட்கப்பட்டு, அறிகுறிகளை மறைத்து, நோய் முற்றிய பின்பே மருத்துவரிடம் வருகின்றனர். சிறுமியாய் இருந்தபோது பேசக் கூடாது என்று பழக்கப்பட்ட வாய், நாற்பது வயதிலும் திறக்க மறுக்கிறது. இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வகை வைரஸ் கிருமி என்பதைப் பின்னாளைய ஆராய்ச்சி கண்டது. அதைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இன்று நம் வகுப்புகளில் இருப்போரின் வயது அதுவே! பெற்றோர் இதைப் பற்றித் தம் குடும்ப மருத்துவரைக் கேட்டறிவது நலம்.

1956-இல் அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968 ஜூலை 22-ஆம் நாள் அவர் மறைந்தார். 82 வயது நிறைய அப்போது எட்டு நாட்களே இருந்தன.

அவர் விட்டுச்சென்ற பணி

அம்மையார் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1978-இல், பெண்ணின் திருமண வயது 18 ஆக உயர்ந்தது. ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அத்திட்டத்தில் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தது, அவர் நினைவுக்குச் செய்த தகுந்த மரியாதை எனலாம்.

ஆயினும் பணி முடிந்துவிட்டதா? 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 23 பேர் 18 வயது நிறையுமுன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. உலக அளவிலும், அந்த வயதுப் பெண்களின் இறப்புக்கு முன்னணிக் காரணங்களுள் ஒன்றாகக் கர்ப்பமும் பிரசவமும் இருந்து வருகின்றன. அத்தகைய இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை நம்மைப் போன்ற வளரும் நாடுகளிலேயே நேர்கின்றன. 1994-இல் கெய்ரோ நகரில் கூடிய அனைத்துலக மக்கள்தொகை மாநாடு, வளரிளம் பருவத்தினர்க்குத் தம் உடலைப் பற்றிய அறிவு கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் காரணமும் இதுவே.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசினால் அவர்கள் கெட்டுப் போவார்களே என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சம் அன்பினால் வருவது. அதை நாம் இகழ மாட்டோம். ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் அறியாமலா இருந்து விடுவார்கள்? அரைகுறையாகவும் தவறாகவும், தெருவிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் அறிவார்கள். தாய் மடியில் கற்க வேண்டியதைத் தகாத இடத்தில் கற்பார்கள். நம் திருச்சபையும் மௌனத்தைக் கட்டளையிடவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகள் வளர வளர அவர்களுக்கு நேரியதும் விவேகமுள்ளதுமான பாலியல் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், இது முதலாவதாகப் பெற்றோரின் உரிமையும் கடமையும் என்று எடுத்துக் காட்டினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பத்தைக் குறித்து எழுதிய மடலிலும் இக்கல்வியின் தேவைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். இறைவன் படைத்த உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று நம்புகிற நாம், அந்த ஆலயத்தைப் பற்றி அறிய வெட்கப்படுவது முறையாகுமா?

அப்படியாயின் ஒரு சிறுமி அறிய வேண்டியது என்ன? மாதவிடாய் நோயன்று, தீட்டுமன்று. தாய்மைக்காக மாதந்தோறும் ஆயத்தமாகும் கருப்பையின் உள்தோல், கரு உண்டாகாதபோது இரத்தத்தோடு கழிந்து வெளியேறுவதே அது. பெரும்பாலோர்க்கு 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொடங்கும். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் நாள் தவறி வருவது இயல்பே. 15 வயதாகியும் தொடங்காவிட்டாலும், ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தாலும், பள்ளி வர முடியாத அளவுக்கு வலித்தாலும், மருத்துவரைக் காண வேண்டும். அந்நாட்களில் குளிப்பதும் விளையாடுவதும் படிப்பதும் தடையல்ல. கீரை, கேழ்வரகு, பருப்பு, பேரீச்சம்பழம், முட்டை ஆகியவற்றோடு, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. தன் உடலைத் தகாத முறையில் தொட எவருக்கும், உறவினருக்கேயாயினும், உரிமையில்லை என்பதையும், அவ்வாறு நேர்ந்தால் குற்றம் தன்மேல் இல்லை என்பதையும், உடனே தாயிடமோ ஆசிரியையிடமோ சொல்ல வேண்டும் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உண்டு என்பதையும் ஒவ்வொரு சிறுமியும் அறிய வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத துன்பத்தை எந்தக் குழந்தையாலும் முறையிட முடியாது. நம் தம்பிமாரும் இவற்றை அறிந்து, பெண்ணை மதிக்கக் கற்றால்தான் இந்தக் கல்வி முழுமை பெறும்.

முடிவுரை

முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வில் பருவமடைந்த நாள் பள்ளிக் கதவை அடைத்தது. அவர் அந்தக் கதவைத் தமக்காக மட்டும் திறக்கவில்லை. தமக்குப் பின் வந்த எல்லாச் சிறுமியர்க்காகவும் திறந்தார். இன்று அதே நாளில் நாம் ஒரு வாரம் விடுப்பெடுத்து, மீண்டும் புத்தகப் பையுடன் வகுப்புக்கு வருகிறோம். நம் பாட்டிமாரில் பலருக்கு வாய்க்காத பேறு இது.

தாய்மார்களே! உங்கள் மகளுக்குப் பட்டாடை வாங்கும் அதே நாளில், அரைமணி நேரம் அவள் அருகில் அமர்ந்து பேசுங்கள். தோழியரே! கேட்கக் கூச்சப்படாதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள், அறிவியல் ஆசிரியையிடம் கேளுங்கள், அருட்சகோதரிகளிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைத் தங்கைக்குச் சொல்லுங்கள். அம்மையாருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச் சின்னம், தன் உடலைக் குறித்து அஞ்சாமலும் வெட்கப்படாமலும், அறிந்து பேணும் ஒரு தலைமுறையே. அத்தகைய தலைமுறையாக நம்மை உருவாக்கப் பள்ளிக்கும் பெற்றோர்க்கும் ஞானத்தை அருளுமாறு, தாய்மையின் மாண்பைத் தாங்கிய அன்னை மரியாவின் வழியாக இறைவனை வேண்டுவோம்.